வந்த வழி தெரியாத சொல்

"இஞ்சாருங்கோ, 'பேங்' (pang) எண்டால் என்ன?" கடை வாசலில் கணவர் விரித்திருந்த ஆங்கிலப் பேப்பரை எட்டிப் பார்த்துக் கேட்டாள் யோகம்.

"திடீரெண்டு குத்துற நோவு," என்றார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி சிற்றம்பலம். "எங்கயிருந்து வந்த சொல்லெண்டு அகராதிக்கே தெரியாதாம்."

மலாயாவின் டுரியான் துங்கால் ஊர்க் கடைக்கு வேலைக்குப் புதிதாக வந்த வடிவேலு, அவள் கேட்ட பால் டின்னை எடுத்தார்.

"வீட்டுல சின்னப் பிள்ளையாக்கா?"

"ஒரு மகன். டின் மூடியைக்கூட விடாமல் நக்குவான்," யோகம் சிரித்தாள்.

வடிவேலு டின்னில் ஆணியை வைத்தார். "எமர்ஜென்சி சட்டம்லா அக்கா. ஓட்டை போட்டா சீக்கிரம் கெட்டுடும், காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுக்காரனுங்களுக்குப் போகாது."

சுத்தியல் இறங்கியது. யோகம் ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டாள். கம்பி வேலிக்கு அப்பால், மகன் அவர்களோடு சேர்ந்து துப்பாக்கியோடு நுழைந்த காடு பச்சையாக நின்றது.

"வந்த வழி தெரியாதெண்டா சொன்னியள்?" என்று கணவரைக் கேட்டாள்.