ஊர் நடுவே ஒத்துக்கொண்ட பாவம்

"ஆமா, தப்புப் பண்ணிட்டேன். என் பொண்டாட்டி மாசமா இருந்தப்போ வேற ஒருத்திகிட்ட போனேன்."

லிம்பானி இதைச் சொன்னதும் மாமரத்தடியில் கூடியிருந்த ஊரே 'சீ' என்றது.

எஸ்நத் எழுந்துபோய் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். குடிசைக்குள்ளே பாயில் கிடப்பது அவள் தங்கை, லிம்பானியின் மனைவி தமந்தா. பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது தொடங்கிய இருமல், இன்று காலை ரத்தமாக வந்துவிட்டது.

"மூணு மாசமா இல்லவே இல்லைன்னு சாதிச்சியேடா! யாரு அவ?"

"ஏரிக்கரையில, சலீமா ஊர்ல... மீன் விக்கிறவ."

"என் தங்கச்சி வயித்தைத் தள்ளிக்கிட்டுச் சோளம் இடிக்கிறா, துரைக்கு மீன் கேட்டுதோ!"

யாரோ சிரித்தார்கள். அவன் நிமிரவில்லை.

தாய்மாமன் சிசாலே தடியைத் தட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே, இது முடுலோ தோஷம்னு. பொண்டாட்டி மாசமா இருக்கையில புருஷன் வேலி தாண்டினா அவளுக்கு இருமல் வராம என்ன வரும்? சரி, வாயைத் திறந்துட்டான். இனி மருந்து பிடிக்கும். தூக்கிட்டுப் போங்க."

மாட்டு வண்டியில் புல்லைப் பரப்பித் தமந்தாவைப் படுக்க வைத்தார்கள். எஸ்நத் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். முற்றிவிட்டதாம். பிழைத்தால் புண்ணியம் என்றார்கள்.

துணைக்கு வந்தவர்கள் சமைக்கும் கொட்டகையில் லிம்பானி ஒருவன்தான் ஆண். சோள மாவைக் கிளறினான். "மாப்பிள்ளே, கட்டி தட்டுது பாரு" என்று பெண்கள் கேலி செய்தார்கள். பிள்ளையின் துணிகளைத் துவைத்தான். எஸ்நத் அவன் வைத்த தட்டைத் தொடவில்லை.

"உன் மீன்காரிக்குக் கொண்டுபோய்க் குடு."

மூன்றாவது வாரம் தமந்தாவுக்கு மூச்சு சீரானது. நர்ஸ் அவள் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடி, பிள்ளையை மடியில் வைத்தாள். "பால் குடுக்கலாம். பாலு வழியா இது பரவாது. பிள்ளைக்கும் மருந்து குடுத்திருக்கோம்."

எஸ்நத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சிஸ்டர், இவ புருஷன் பண்ணின தப்பாலதானே இவளுக்கு இப்படி?"

"இருமுறவங்க மூச்சுல வர்ற கிருமிம்மா இது. யாரு யாரோட படுத்தாங்கன்னு அதுக்கு என்ன தெரியும்? முன்னமே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு பாடு இல்லை."

எஸ்நத் நேரே குழாயடிக்குப் போனாள். அவன் துணி அலசிக்கொண்டிருந்தான்.

"இந்த நோய்க்கும் உன் தப்புக்கும் சம்பந்தமே இல்லையாம். வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்குடா ஊர் நடுவே சொல்லி அசிங்கப்பட்டே?"

அவன் துணியைப் பிழிந்தபடியே சொன்னான்.

"புருஷன் பாவத்தைச் சொல்லாம அவளை வண்டியில ஏத்த விடமாட்டேன்னு உங்க மாமா வழி மறிச்சு நின்னாரு, அக்கா. ரத்தம் வந்ததும் எனக்கு வேற வழி தெரியலை. சொல்றதுக்கு என்கிட்ட பாவம் ஒண்ணும் இல்லை. அதான்... செய்யாததைச் சொன்னேன்."