மூன்று முறை திரும்பிய முகவரி

எங்கள் குடும்பத்து மின்னஞ்சல் குழுவை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். வாரம் ஒரு கடிதம். மூன்று முறை திரும்பி வந்த முகவரியை நீக்கிவிட வேண்டும். அத்தானுக்கு அனுப்பியது இன்று மூன்றாம் முறையாகத் திரும்பியது: 'இப்படியொரு முகவரியே இல்லை.' நீக்கினால் அக்கா சண்டைக்கு வருவாளே என்று யோசித்தபோது, அதே முகவரியிலிருந்து பதில் வந்தது.

"என்னை எடுத்துடாத மாப்ளே. எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அந்த மெயிலை மூடி மூணு வாரமாச்சே! உனக்கு வேற வேலையே இல்லையா மாப்ளே?" என்று சிரித்தார். "யாருங்க போன்ல?" என்று பக்கத்தில் அக்கா கேட்டாள்.

நிம்மதியாக நீக்கப் போனேன். அதே முகவரியிலிருந்து இன்னொரு கடிதம் வந்திருந்தது.

"உங்க அக்கா பக்கத்துல நின்னு சிரிக்கிறது யாரு மாப்ளே?"