சம்பந்தியம்மாவின் கண்டிஷன்

"அப்பா, நீங்க இனிமே பட்டாசுக் கம்பெனிக்குப் போகக் கூடாது. என் மாமியார் கண்டிஷனாச் சொல்லிட்டாக."

பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு வந்த வேல்விழி காபிகூடக் குடிக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள். ஊர்க்காவலன் அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, தலைமுதல் கால்வரை அலுமினியப் பொடி மினுங்க வாசலில் நின்றார்.

"ஏன் தாயி, என்ன குத்தம்?"

"பாப்பாவுக்குக் காதுகுத்து வருது. சம்பந்தி இன்னும் மேலெல்லாம் பொடியோட அலையுற ஆளுன்னு தெரிஞ்சா சொந்தக்காரங்க சிரிப்பாகளாம். மானம் போகுதுங்காக."

அவர் குளிக்கப் போனார்.

ஏழாயிரம்பண்ணையில் அவர் அடித்துக்கொள்ளும் ஒரே பெருமை மகள்தான். நோய்க்குக் கொடுக்கும் மருந்துக்குள் வைக்கிற கண்ணுக்குத் தெரியாத துகள் உடம்பில் எங்கே போய்த் தங்கும், எதைக் கெடுக்கும் என்று, எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே அவள் பெங்களூரில் செய்கிற சாப்ட்வேர் சொல்லிவிடும். வேனில் வருகிற அத்தனை பேருக்கும் இது மனப்பாடம்.

தண்ணீரை ஊற்ற ஊற்றப் பழசெல்லாம் வந்தது. சின்ன வயதில் வேல்விழி, வேன் ஹாரன் கேட்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். கன்னமெல்லாம் வெள்ளியாகிவிடும். கழுவ விடமாட்டாள். மறுநாள் அப்படியே பள்ளிக்கூடம் போய், எங்கப்பா பூசிவிட்டது என்று டீச்சரிடமே காட்டுவாள். என்ன அருமையான காலம் அது. அந்தப் பிள்ளைக்கா இன்று தகப்பன் இளப்பமாகிப்போனான்?

மனைவி அய்யம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மகளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"போன பொங்கலுக்கு, அப்பா நெஞ்சு கெட்டுரும்னு அழுத. இந்தப் பொங்கலுக்கு, மாமியா மானம் கெட்டுரும்ங்கிற. ஒனக்கு எது பெருசாப் போச்சுன்னு நல்லாத் தெரியுதுடி."

வேல்விழி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த ஊர்க்காவலன், மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"விடு அய்யம்மா. பிள்ளை வாழப்போன இடம். என்னால அதுக்கு ஒரு சொல் வரக்கூடாது. இனி வரலன்னு நாளைக்கே போர்மேன்கிட்டச் சொல்லிர்றேன். நம்ம ஆடுகள மேச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

சொன்னபடியே மறுநாள் சொல்லிவிட்டும் வந்தார். ஆனால் மகள் கிளம்பும்போது பேத்தியை மட்டும் கொஞ்சிவிட்டு உள்ளே போய்விட்டார். வழியனுப்ப வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று, விருதுநகரில் இருக்கும் மாமியார் பாலம்மாளுக்குப் போன் போட்டாள் வேல்விழி. அழுகையை அடக்க முடியவில்லை.

"நீங்க சொல்லிக்குடுத்த பொய்ய அப்படியே சொன்னேன் அத்தை. வேலைய விட்டுட்டாக. போன வருசம் அந்தப் பொடிய எங்க சாப்ட்வேர்ல போட்டு, நுரையீரலுக்கு ஆபத்துன்னு செவப்பா வந்ததக் காட்டியும் கேக்கல. எலிக்குச் சொல்றத எனக்குச் சொல்லாதன்னு சிரிச்சாக. இப்ப உங்க மானம்னதும் மறுபேச்சு இல்ல. ஆனா அப்பா இனிமே உங்கள ஏறெடுத்தும் பாக்க மாட்டாக."

"பாக்காட்டிப் போகுது, கண்ணத் தொடச்சுக்கோ," என்றாள் பாலம்மாள். "அந்த மனுசன் மூச்சு நல்லாருக்கட்டும். நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."