மூன்றாம் நபர்

காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா, எதிரே நின்ற அம்மா நீட்டிய விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"போன வருஷம் காருக்கு இன்சூரன்ஸே எடுக்கலையேம்மா. கட்டாயம்னு வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"இது எங்க கார் இல்லைங்க. எதிர்வீட்டுக்காரரோடது. கையெழுத்து அவர் போட்டிருக்கார், பணம் நான் கட்டறேன்."

"முழு பாலிசியா?"

"காருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. அடிபடறவங்களுக்குக் கிடைச்சாப் போதும்."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஊரான் காருக்கு நீங்க எதுக்கு தண்டம் அழறீங்க?"

"போன வருஷம் என் வீட்டுக்காரரை இடிச்ச கார் இது. சல்லிக்காசு வரலை. அவர் படுத்த படுக்கைதான். எதிர்வீட்டுக்காரருக்கு நாளைக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்குது. சட்டம் சொல்லியே கேக்காத மனுஷன், நான் சொல்லியா பணம் கட்டுவார்? என் பொண்ணு அந்தக் கார் ஓடற தெருவுலதான் பள்ளிக்கூடம் போயாகணும்."

குமாஸ்தா எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.