கோட்டு போட்ட வாத்து

கனடாவின் வின்னிபெக் நகர நூலகத்து அடித்தள அறையில் அன்று இருந்தவர்கள்: தோர்வால்ட், அவர் மனைவி மார்க்ரெட், மகள் சிக்ரித், அனிமேஷன் சங்கத்தை நடத்தும் டாரில், மற்றும் சங்கத்து உறுப்பினர்கள். படம் ஓடி முடியும்வரை, அதை வரைந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம்.

திரையில் கோட்டு போட்ட ஒரு வாத்து, இறக்கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அதட்டியபடி குளக்கரையில் உலாவியது. கூட்டத்தோடு சேர்ந்து தோர்வால்டும் சிரித்தார். வாத்து நின்று கோட்டுப் பொத்தானைத் தடவியது. அவர் விரலும் அப்போது தன் பொத்தானில்தான் இருந்தது.

சட்டென்று எழுந்து மகளைப் பார்த்துக் கத்தினார்.

"ராஜா மாதிரி நடங்கப்பான்னு சொல்லிப் படம்புடிச்சியே, இதுக்குத்தானா? குடும்ப மானத்தையே வாத்தாக்கிட்டியேடி!"

"அப்பா, நான் புடிச்சது மட்டுந்தான்..."

"பேசாத! இனிமே வீட்டுப் பக்கம் வராத!"

படம் முடிந்தது. டாரில் தொண்டையைச் செருமினான். "வரைஞ்சவங்க முன்னாடி வரலாம்."

மார்க்ரெட் எழுந்து தன் கைப்பையைக் கணவரிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் புடிங்க. அவளைத் திட்டாதீங்க, உங்களைப் படம்புடிக்கச் சொன்னதே நான்தான். நாப்பது வருஷமா உங்க பின்னாடியே நடந்தவளுக்கு இதுகூட வரைய வராதா?"

தோர்வால்ட் கோபித்துக்கொண்டு அப்போதே வெளியேறிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கைதட்டல் ஓயும்வரை கைப்பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றார்.