முதல் பரிசு வாங்கிய பசி

"இந்தப் படத்துக்குத்தாங்க முதல் பரிசு. லைக் மட்டும் பன்னெண்டாயிரம்!"

எழிலரசன் செல்போனை உஷாராணியின் கையில் கொடுத்தான். மூலக்குளத்திலிருந்து குருவிநத்தத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். ஏற்கெனவே ஏழு இடம் தட்டிப் போய்விட்டது. எட்டாவது பெண்ணான இவளைப் பார்த்ததும் பையன் கவிழ்ந்தே விட்டான். எப்படியாவது அசத்திவிட வேண்டும்.

"தனியா ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா" என்று பெண்ணின் அப்பா பலராமன் இருவரையும் வாசலுக்கு அனுப்பியிருந்தார். பெண்ணின் அம்மா இன்னும் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஓர் அம்மா முந்தானையை ஏந்தியபடி ஒரு வீட்டு வாசலில் நின்றாள். கீழே 'பசி' என்று தலைப்பு. உஷாராணி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இது யாருங்க?"

"பாகூர்ல பார்த்த பிச்சைக்காரம்மா. பாவம், மூணு நாளா சாப்பிடல."

"அவங்களே சொன்னாங்களா?"

"பேசவே இல்லீங்க. மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?"

"அப்போ கேக்காமலேயா எடுத்தீங்க?"

"கேட்டா சிரிச்சிடுவாங்க! சிரிச்சா எவன் பரிசு குடுப்பான்?"

"புடவை ஒரே அழுக்கா இருக்கே?"

"நல்ல மஞ்சப் புடவைதாங்க. கறுப்பு வெள்ளையில போட்டேன் பாருங்க, சும்மா அள்ளிடுச்சு!"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவன் எழிலரசன் இல்லையே!

"பெத்த பிள்ளைங்களே துரத்திட்டாங்கன்னு கீழே உருக்கமா எழுதினேன். படிச்சவங்க எல்லாம் அழுதுட்டாங்க."

"அவங்களுக்குப் பொண்ணு இருக்குமா?"

"இருக்கும், இருக்கும். அம்மாவைத் தெருவுல விட்டுட்டு, எங்கியாச்சும் பவுடர் பூசிகினு ஜாலியா உக்காந்திருக்கும்!"

உஷாராணி கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். இவளும் அழுகிறாள் என்று எழிலரசனுக்கு ஒரே பூரிப்பு.

"எங்க அம்மாவுக்கும் காட்டலாமா?"

"தாராளமா! கூப்பிடுங்க!"

"அம்மா, இங்க கொஞ்சம் வாயேன்."

பஜ்ஜித் தட்டோடு அம்சவள்ளி வந்தாள். கும்பிட எழுந்த எழிலரசன் அப்படியே நின்றுவிட்டான். படத்தில் இருந்த அதே முகம்!

அம்சவள்ளி செல்போனைப் பார்த்தாள். மகள் எழுத்துக் கூட்டாத குறையாகக் கீழே இருந்ததையும் படித்துக் காட்டினாள். எல்லாம் கேட்டு முடித்த அம்சவள்ளி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்பினாள்.

"மாரியாத்தா! என் பொண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை அமையணும்னு வேண்டிகினுதானே ஏழு வூட்ல மடிப்பிச்சை எடுத்தேன். இவன் இன்னா ஆளுன்னு தாலி ஏறுறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துட்டியே தாயே!"