யார் வைத்தியம் பலித்தது?

அந்த அம்மாவின் இடுப்புவலிக்குப் பதினான்கு வயது. உடற்பயிற்சிதான் மருந்து என்று அடித்துச் சொன்னார் பெரிய பிசியோதெரபிஸ்ட். கையால் அழுத்தி நீவினால்தான் சரியாகும் என்று மல்லுக்கு நின்றாள் அவருடைய உதவிப் பெண். ஆளுக்கு மூன்று மாதம் பார்த்தும் வலி மசியவில்லை.

"வீட்டுல வெயிட் தூக்காதீங்கன்னா கேக்குறீங்களா?" என்று பெரியவர் கடிந்தால், அந்த அம்மா பேசாமல் தலையைக் குனிந்துகொள்வார்.

இரண்டு மாதம் வராமலிருந்தவர், இன்று வந்து சர்வசாதாரணமாகக் குனிந்து செருப்பைக் கழற்றினார். முகம் சுளிக்கவேயில்லை.

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, என் பயிற்சி!"

"நான் நீவிவிட்டதை மறந்துட்டீங்களா சார்?"

பெரியவர் அந்த அம்மாவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா, எதுல குணமாச்சு?"

"ரெண்டுலயும் இல்ல சார். என் பையனுக்குப் பதினாலு வருஷமா கைகால் வராது. குளிக்க, படுக்க, எல்லாத்துக்கும் நான்தான் தூக்குவேன். அவன் செத்து ஒன்றரை மாசமாச்சு."

பெரியவர் மெல்லக் கேட்டார்.

"அப்புறம்... எதுக்கும்மா வந்தீங்க?"

"விடிஞ்சா கை ரெண்டும் அவனைத் தூக்கப் போகுது சார். அதை நிறுத்த ஏதாவது பயிற்சி இருக்கா?"